எக்ஸ்க்ளூசிவோ நல்லூர்

மே மாதத்து மத்தியானத்தில் திருப்பூர் நல்லூரில் வியர்க்காமல் இருக்கக் கொடுத்துவைத்தது ஒரே ஒரு ஜாதி. கியூபாச் சுருட்டு.

காங்கயம் ரோட்டை ஒட்டி ஒரு பனியன் கம்பெனி. கீழே தகரம் வேய்ந்த ஷெட்டு. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று வரிசையாக மிஷின்கள். மிஷினுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு முதுகு, முதுகுக்கு ஒரு ஈரச் சட்டை. மேலே முதலாளியின் அறை. அந்த அறைக்குள் இன்னொரு அறை. அதற்குள் ஸ்பானிஷ் செடார் பலகை அடித்து, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. வெப்பம் 18 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். வெப்பம் ஏறினால் இலைக்குள் தூங்கும் புகையிலை வண்டு பொரித்துவிடும். ஈரம் இறங்கினால் மேலிலை வெடித்துவிடும். கரண்ட் போனால் லைன் நிற்கும், அலமாரி நிற்காது. அதற்குத் தனி யுபிஎஸ். ஜெனரேட்டர் போடும் பையனுக்கு நிரந்தர உத்தரவு ஒன்று உண்டு: மொதல்ல மேல, அப்பறம் கீழ.

இந்த முதலாளிக்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. வைத்தால் ஒருவர் கோபித்துக்கொள்வார், வைக்காவிட்டால் பத்துப் பேர் கோபித்துக்கொள்வார்கள். எனக்குப் பத்துதான் லாபம். பலரைக் கலந்து பிசைந்து செய்த ஆள் இவர். ஆகவே இன்ன கம்பெனி, இன்ன கவுண்டர் என்று யாரும் தேடி அலைய வேண்டாம். அலமாரி வேறாக இருக்கலாம், ஒரு வீட்டில் கைக்கடிகாரம், இன்னொரு வீட்டில் விஸ்கி. ஷெட்டு மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முதலாளி புகைப்பதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் எடுப்பார், உருட்டிப் பார்ப்பார், மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவார், விருந்தாளியிடம் நீட்டுவார். விருந்தாளி நிஜமாகவே கையை நீட்டினால் பதறிப்போய் வாங்கி உள்ளே வைத்துவிடுவார். எரிப்பதற்கென்று செய்த ஒரு பொருளை எரிக்காமல் காப்பாற்ற இத்தனை லட்சம் கரைகிறது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோற்றை நாய்க்குப் போடாமல் குழி தோண்டிப் புதைக்கிற ஊரில் இது பெரிய அதிசயமும் இல்லை.

அலமாரியில் இருப்பது சாதாரணச் சுருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கியூபாச் சுருட்டை உலகுக்கு விற்கும் ஹபானோஸ் நிறுவனம் 2005இல் ‘எடிசியோன் ரெஹியோனால்’ என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. ஒரு நாட்டு விநியோகஸ்தருக்கு என்றே தனியாக ஒரு சுருட்டு. இத்தாலிக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, லெபனானுக்கு ஒன்று, ஆசிய பசிபிக்குக்கு ஒன்று. கொஹிபா, மோன்டெகிறிஸ்டோ போன்ற பெரிய பெயர்களில் இது வராது. ரமோன் அயோனெஸ், ஹுவான் லோபெஸ், போலிவர் மாதிரி அடுத்த வரிசைப் பெயர்களில்தான் வரும். வழக்கமான மோதிரத்துக்குக் கீழே சிவப்பும் வெள்ளியுமாக இரண்டாவது மோதிரம் ஒன்று மாட்டியிருக்கும்: எக்ஸ்க்ளூசிவோ இத்தாலியா, எக்ஸ்க்ளூசிவோ சுய்சா. பெட்டிக்குப் பெட்டி எண் போட்டிருக்கும். குறைந்த எண்ணிக்கையில்தான் சுருட்டுவார்கள். தீர்ந்தால் தீர்ந்தது.

இத்தாலிக்கென்று வரும் சுருட்டில் இத்தாலியின் மண் ஒரு துளியும் இல்லை. அதே கியூபா இலை, அதே கியூபாத் தொழிற்சாலை, அதே விரல்கள். மாறுவது நீளம், பருமன், பெட்டி. அப்புறம் அந்தக் காகித மோதிரம்.

உலகத்தில் வேறு யாருக்கு வேண்டுமானாலும் இதை உட்காரவைத்து விளக்கலாம், நல்லூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் தொழிலே அதுதான். ஒரே நூல், ஒரே நிட்டிங், ஒரே சாயம், ஒரே டேபிளில் கட்டிங். கழுத்தில் இந்த லேபிளை வைத்தால் ஜெர்மனி, அந்த லேபிளை வைத்தால் அமெரிக்கா. ஆர்டர் கேன்சலாகி லேபிளை வெட்டிவிட்டால் காதர்பேட்டைச் சந்தை. ஜெர்மனியில் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்கு மாட்டியிருக்கும் அதே பனியன் காதர்பேட்டையில் தார்ப்பாயின் மேல் கூறுகட்டிக் கிடக்கும். துணி அதே துணிதான் என்று இந்த மனிதரை விட நன்றாக அறிந்தவர் உலகில் உண்டா? அப்படிப்பட்டவர் ஒரு காகித மோதிரத்துக்கு மூன்று மடங்கு கொடுக்கிறார்.

ஏமாந்துவிட்டார் பாவம் என்று இரக்கப்பட்டால் ஏமாந்தது நாம்தான். லேபிளுக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்ற ஒற்றைச் சட்டத்தில் இத்தனை வருஷம் பிழைத்தவர் அவர். வெளிநாட்டுப் பையர் அதை அவர் மேல் பிரயோகித்தான். அவர் அதை டைலர் மேல் பிரயோகித்தார். கையில் காசு சேர்ந்ததும் பையரின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமே என்று ஆசை வந்தது. மாமியாரிடம் இடிபட்ட மருமகள் தனக்கொரு மருமகள் வரட்டும் என்று காத்திருப்பது போலத்தான் இந்த ரசனையும்.

அவருடைய படிப்பைக் குறைசொல்ல முடியாது. பெட்டியைத் திருப்பி அடியைப் பார்ப்பார். அங்கே மூன்றெழுத்துச் சங்கேதம் ஒன்று முத்திரை குத்தியிருக்கும், எந்தத் தொழிற்சாலை என்பதற்கு. பக்கத்தில் எந்த மாதம், எந்த வருஷம் பெட்டியில் அடைத்தார்கள் என்பது ஸ்பானிஷ் சுருக்கத்தில் இருக்கும். கியூபா அரசின் உத்தரவாதச் சீட்டு, 1912இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது, அதன் நிறம், அதன் ஹோலோகிராம், போலிக்கும் அசலுக்கும் உள்ள மயிரிழை வித்தியாசம், எல்லாம் மனப்பாடம். பஞ்சாங்கம் பார்க்கிற ஐயர் தோற்றார். இந்தச் சுருட்டு எந்த மாதம் பெட்டிக்குள் போனது என்று அட்டையைத் தடவியே சொல்லிவிடுவார்.

மூணாம் லைனில் காலர் வைக்கும் பெண்ணின் பெயர் என்ன முதலாளி?

“அதுங்களா? ஒடிசாப் புள்ளைங்க.”

பெயர்?

“அதெல்லாங் காண்ட்ராக்டருக்குத் தெரியுமுங்க.”

ஒன்பதாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் உள்ள தொழிற்சாலையின் சங்கேதம் தெரியும். காலுக்குக் கீழே பதினைந்து அடியில் உட்கார்ந்திருப்பவளின் பெயர் காண்ட்ராக்டருக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை பையரின் ஆடிட் வரும். அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் பெயர் வரும், அடையாள அட்டை வரும், மூக்குக்கு மாஸ்க் வரும், முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வரும். பஞ்சிலேயே பிழைக்கிற ஊரில் முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு வர ஜெர்மன்காரன் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

விலையைக் கேட்டு எனக்கு வயிறு எரியவில்லை. பணம் அவருடையது, கொளுத்தட்டும். அதைத்தான் கொளுத்தவும் மாட்டேன் என்கிறார். எனக்கு எரிவது அவருடைய அரசியலைக் கேட்கும்போது. ரோட்டரி கூட்டம், கோயில் கமிட்டி, கல்யாணப் பந்தி, எங்கே உட்கார்ந்தாலும் ஒரே பாட்டு: சிவப்புக் கொடிக்காரன்தான் திருப்பூரைக் கெடுத்தான். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. மில்லும் பட்டறையும் மூடிக் கிடந்த அந்த நாட்களைக் குலநாசம் போல விவரிப்பார். தொழிலாளியாக உள்ளே வந்து முதலாளியாக வெளியே வந்தவர்கள் நிறைந்த ஊரும் இதுதான். ஆய்வாளர் சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் அந்தக் கதை விரிவாக இருக்கிறது. நம்முடையவரும் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தவர்தான். மடித்த கை அவருடையது. அந்தப் பஞ்சப்படியில் ஒரு பங்கை அவரும் வாங்கியிருப்பார். கேட்டால் ‘உழைச்சு வந்தவனுங்க நானு’ என்பார். மற்றவர்கள் என்ன, ஷெட்டுக்குள் ஊஞ்சலாடுகிறார்களா?

2019இலும் 2024இலும் திருப்பூர் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயனை. அதை இன்னும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அலமாரியில் இருப்பது யாருடைய சரக்கு? ஹபானோஸில் பாதி, கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் கியூபாவின் அரசாங்கத்துக்குச் சொந்தம். மறுபாதி 2020 வரை இங்கிலாந்தின் இம்பீரியல் புகையிலைக் கம்பெனியிடம் இருந்து, பிறகு ஆசிய முதலீட்டாளர்களுக்குக் கை மாறியது. ஆக இவர் வாங்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஹபானோஸின் லாபத்தில் பாதிக்குப் பாதி ஃபிடல் காஸ்ட்ரோ விட்டுப்போன கஜானாவுக்கு மொய் எழுதுகிறார். யூனியன்காரன் இருபது ரூபாய் ரசீது நீட்டினால் மட்டும் ‘கட்சிக்கெல்லாம் நாங்க குடுக்கறதில்லீங்க’.

இன்னும் ஒன்று. கீழே பிரிண்டிங் டேபிளில் அடுக்கி வைத்திருக்கும் கறுப்பு டீ ஷர்ட்டில் யார் முகம்? சே குவேரா. 1960 மார்ச் 5ஆம் தேதி ஹவானாவில் அல்பெர்தோ கோர்தா எடுத்த படம். கோர்தா அதற்கு ராயல்டி வாங்கவில்லை. ஒரு ஓட்கா விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்தியபோது மட்டும் வழக்குப் போட்டு, 2000இல் கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். அந்த முகத்தை நாங்கள் கிலோக்கணக்கில் அச்சடிக்கிறோம். சே 1959இல் டெல்லிக்கு வந்து நேருவைப் பார்த்துவிட்டுப் போனார், திருப்பூர்ப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி, ‘யூனியனா?’ என்று கேட்டிருப்பான். முகத்துக்குக் கீழே பிரிண்டிங் டேபிளில் இடம், சுருட்டுக்கு மேலே அலமாரியில் இடம், ஆளுக்கு மட்டும் கேட்டுக்கு வெளியே.

சரக்கு வரும் வழியும் அழகு. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்று இந்தியச் சுங்க விதி அனுமதிப்பது ஆளுக்கு 25 சுருட்டு. மெர்ச்சண்டைசர் பையன் பையரைப் பார்க்க ஐரோப்பா போனால் துபாய் வழியாகத் திரும்புவான். அவன் பங்கு 25, கூடப் போன க்யூசி பையன் பங்கு 25. இருவரும் பீடிகூடப் பிடிக்காதவர்கள். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் இறங்கியதும் முதலாளி போனில் கேட்கும் முதல் கேள்வி: பெட்டி மூலை நசுங்கலையில்ல? இரண்டாவது கேள்வி: ஆர்டர் என்னாச்சு?

ரசனை உச்சத்துக்குப் போவது விருந்தாளி முன்னால்தான். “மிஷினே கெடையாதுங்க சார். முழுசும் மனுசக் கை.” சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கொஞ்சம் தாழ்ந்த குரலில், கண்ணைச் சிமிட்டி, கியூபாப் பெண்கள் தொடையில் வைத்துத்தான் உருட்டுவார்கள் என்பதையும் சேர்ப்பார். அந்தக் கதை பொய். மரப்பலகையில் வைத்து, சாவேட்டா என்ற பிறைக் கத்தியால் மேலிலையை நறுக்கி, விரலாலும் உள்ளங்கையாலும் சுருட்டுகிறார்கள். ஆணும் சுருட்டுகிறான், பெண்ணும் சுருட்டுகிறாள். வருஷக்கணக்கில் பழகினால்தான் பெரிய அளவுகளைத் தொடவே விடுவார்கள். தொடைக் கதை இல்லாவிட்டால் சிலருக்குக் கைத்திறமையே ருசிப்பதில்லை, என்ன செய்ய.

மனிதக் கை மேல் அத்தனை பக்தி உள்ளவரின் ஷெட்டில் மனிதக் கைக்கு என்ன மரியாதை? ஊசி நகத்தில் ஏறினால் டிஞ்சர். ரத்தம் பட்ட பீஸ் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆன பீஸுக்குப் பிடித்தம். தன் ரத்தத்துக்குத் தானே காசு கட்டிவிட்டு அவள் மறுபடி மிஷினில் உட்கார வேண்டும், சனிக்கிழமைச் சம்பளத்துக்குள் ஒன்றரை ஷிஃப்ட் கணக்குத் தேற வேண்டுமே.

ஹவானாத் தொழிற்சாலைகளில் 1865லிருந்து ஒரு வழக்கம் உண்டு. சுருட்டுகிறவர்கள் வேலை செய்ய, மேடையில் ஒருவர் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். அந்த வாசகருக்குச் சம்பளம் கொடுக்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பங்கு போட்டார்கள். தொழிலாளிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறதே என்று பயந்து மறுவருஷமே ஸ்பானிய ஆளுநர் அதைத் தடை செய்தார். தடையைத் தாண்டி வழக்கம் பிழைத்தது. மோன்டெகிறிஸ்டோ என்ற பெயரே அப்படி வாசித்துக் கேட்ட அலெக்ஸாந்தர் துமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். நம்முடையவர் இந்தக் கதையை விருந்தாளிக்குச் சொல்லி உருகுவார். சொல்லிக்கொண்டே மேஜை மேலிருக்கும் சிசிடிவி திரையில் ஒரு கண் வைத்திருப்பார். இரண்டாம் லைனில் இருவர் பேசிக்கொள்வது தெரிந்தால் மைக்கைத் தட்டுவார். நல்லூர் ஷெட்டில் தொழிலாளருக்காக உரக்க ஒலிக்கும் இலக்கியம் அது ஒன்றுதான்.

கைதான் பெரிதென்றால் சுருட்டுக்குப் பேர்போன உறையூர் எவ்வளவு தூரம்? காங்கயம், கரூர் வழியாகக் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருச்சி போய்விடலாம். அங்கேயும் கையால்தான் சுருட்டினார்கள், இன்றைக்கும் மிச்சம் இருக்கிற சிலர் கையால்தான் சுருட்டுகிறார்கள். 1887இல் வெளிவந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறான். லண்டன் துப்பறிவாளனுக்கு உலகத்துச் சாம்பலில் தனியாகத் தெரிந்த சுருட்டு நம்முடையது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி தொழிற்சாலை வைத்துச் சுருட்டிக் கப்பலேற்றியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டை நம்பித் தென்னிலங்கை ஊர்களிலெல்லாம் தமிழர் கடை வைத்தார்கள். இதில் ஒன்றாவது அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டால் முதலாளிக்கு முகம் சுளிக்கிறது.

“அய்ய, அதுங்களா. எங்க அப்பாரு புடிச்சதுங்க அது.”

தாத்தா வரப்பில் உட்கார்ந்து பிடித்தால் நாற்றம், பேரன் ஏசியில் உட்கார்ந்து முகர்ந்தால் அரோமா. உறையூர்ச் சுருட்டுக்கு இரண்டாவது மோதிரம் இல்லை, எண் இல்லை. கட்டாகக் கட்டிக் கடையில் கிடக்கும். குறைந்துகொண்டே வருகிறது என்பது மட்டுமே அரிய பொருளாக்கும் என்றால், அதைப் போல அரியது இன்று எதுவும் கிடையாது. சுருட்டத் தெரிந்தவர் கிழடாகிக்கொண்டே போகிறார், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திருப்பூருக்குக்கூட வந்திருக்கலாம், நான்காம் லைனில் பார்க்கவும். ஒரு கைத்தொழில் சாவதைப் பக்கத்தில் பார்த்தால் ‘காலம் மாறுதுங்க’. கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ‘ஹெரிட்டேஜ்’.

இப்போது கணக்குக்கு வருவோம். திருப்பூரில் 2021இல் போட்ட கூலி ஒப்பந்தம் நான்கு வருஷத்துக்கு மொத்தம் 32 சதவீதம் உயர்வு தந்தது. முதல் வருஷம் 19, பிறகு 5, 4, 4. எத்தனை சுற்றுப் பேச்சு, எத்தனை கண்ணீர்! நூல் விலை, ஜாப் ஒர்க் ரேட், வங்கதேசம், வியட்நாம், எல்லாவற்றையும் மேஜை மேல் கொட்டி, இதைக் கொடுத்தால் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார்கள். கொடுத்தார்கள். யாரும் பூட்டவில்லை. மறுவருஷம், 2022இல், ஹபானோஸ் தன் கொஹிபா, ட்ரினிடாட் சுருட்டுகளின் விலையை உலகமெங்கும் ஹாங்காங் விலைக்குச் சமமாக உயர்த்தியது. சில அளவுகள் ஒரே அறிவிப்பில் இரண்டு மடங்கைத் தாண்டின. இந்த முறை நம்முடையவர் அழவில்லை, இனிப்பு வாங்கினார். ‘எங்கிட்ட பழைய கொஹிபாவும் இருக்குதுங்க, வேல்யூ ஏறிருச்சு!’ இலை ஏறினால் வேல்யூ. கூலி ஏறினால் தொழில் நாசம்.

2023இல் ஹவானாவின் சுருட்டுத் திருவிழா ஏலத்தில் ஒரு கொஹிபா அலமாரி மட்டும் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் காசில் 35 கோடிக்கும் மேல். அந்த ஏலப் பணம் கியூபாவின் பொது மருத்துவத்துக்குப் போகிறது. நம்முடையவரும் பொது மருத்துவத்துக்குச் செய்திருக்கிறார். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியை விடப் பெரிதாக அவர் பெயர். குழாயில் காற்று வரும்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஈரப்பதம் காக்க அந்த அலமாரிக்குள் வைப்பது காய்ச்சி வடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீர் கூடாதாம், உப்பு படிந்துவிடுமாம். உப்பைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறவர்கள் நொய்யல் கரையில் எப்படித்தான் தொழில் செய்தார்களோ! சாயப்பட்டறைக் கழிவில் உப்பு கலந்து கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆனது. அணையில் தேக்காதே என்று விவசாயியே போராடிய ஒரே அணை அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. நிலத்தடி நீர் கெட்டுத் தென்னை காய்ந்த ஊர்களுக்கு யார் எடுத்துப்போய்க் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினார்கள்?

ஹவானாவில் சுருட்டுகிறவளும் சீமாட்டி அல்ல, அதையும் சொல்ல வேண்டும். அரசாங்கமே முதலாளியாக இருப்பதால் மட்டும் அவள் தட்டில் கறி வந்துவிடவில்லை. ஐரோப்பாவில் அவள் ஒரு நாள் சுருட்டியது விற்கும் விலையை அவள் மாதச் சம்பளத்தால் எட்ட முடியாது. 2022 செப்டம்பரில் இயன் புயல் புகையிலை விளையும் பினார் டெல் ரியோ மாகாணத்தைப் புரட்டிப்போட்டது. இலை உலர்த்தும் கொட்டகைகள் ஆயிரக்கணக்கில் தரைமட்டமாயின. 2024 அக்டோபரில் நாடு முழுக்க மின்சாரம் விழுந்து கியூபா இருட்டில் கிடந்தது. இரண்டு செய்தியையும் நம்முடையவர் டிவியில் பார்த்தார். இரண்டு முறையும் ஒரே கேள்விதான் கேட்டார்: “அப்ப சப்ளை கொறையுமில்லீங்?” யார் வீட்டுக் கூரை பறந்தாலும் தன் பெட்டிக்கு விலை ஏறுமா என்று பார்க்கிற ஒரு பொழுதுபோக்குக்குக் கலை என்று பெயர்.

அமெரிக்காவையும் விட்டுவிட முடியாது. 1962 பிப்ரவரியில் கியூபா வணிகத்துக்கு முழுத் தடை போடுவதற்கு முந்தைய நாள், ஜனாதிபதி கென்னடி தன் செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டுக் கியூபாச் சுருட்டு ஆயிரம் வேண்டும் என்றார். சாலிஞ்சர் 1,200 கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கென்னடி கையெழுத்துப் போட்டாராம், சாலிஞ்சரே எழுதியிருக்கிறார். தடை போட்டதால் கியூபாச் சுருட்டுக்கு மவுசு கூடியது. 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி அதே அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. வருஷம் 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை அனுப்பும் ஊர் திணறியது. வரி போட்டதால் திருப்பூர்ப் பனியனுக்கு மவுசு கூடியதா? பையர் வரியில் பாதியை நீ ஏற்றுக்கொள் என்றான். முதலாளி ஏற்றுக்கொண்டார், ஏற்றுக்கொண்டதைக் கீழே இறக்கினார். ஓவர்டைம் போனது, ஞாயிறு போனது, கைமடிப் பிள்ளைகளில் பாதி ரயிலேறியது. ‘எக்ஸ்க்ளூசிவோ நல்லூர்’ என்று யாரும் மோதிரம் மாட்டி அவர்களைப் பத்திரப்படுத்தவில்லை.

ஆகவே முதலாளிகள் சங்கத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரு விண்ணப்பம். நல்லூர் பனியன் தொழிலாளரைச் சுருட்டு என்று அறிவித்துவிடுங்கள். தொழிலாளராக இருந்து அவர்கள் கேட்டதெல்லாம் சுருட்டாக இருந்தால் கேட்காமலே கிடைக்கும். ஷெட்டுக்கு 18 டிகிரி, கரண்ட் போனால் யுபிஎஸ், தீ விபத்துக்கு இன்சூரன்ஸ். வயசானால் மதிப்புக் கூடும், இப்போது நாற்பது தாண்டிய டைலரை ‘கண்ணு தெரியல, ஊட்டுக்குப் போ’ என்பது போல யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பிறந்த மாதம், பிறந்த ஊர், எல்லாம் முதலாளிக்கே மனப்பாடமாகத் தெரியும். மூலை நசுங்காமல் கையாள்வார்கள். பூச்சி பிடிக்கிறதா என்று வாரம் ஒருமுறை கவலையோடு திறந்து பார்ப்பார்கள். இப்போது பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கினால் பார்ப்பதற்கு நாதியில்லை. பெண்கள் விடுதியில் ஒரு அறையில் எத்தனை பேர் என்ற பிரச்சினையும் தீர்ந்தது. பெட்டிக்கென்று போட்ட கணக்குக்கு மேல் அடைத்தால் கலெக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். கலெக்டர் என்றால் மாவட்ட ஆட்சியர் அல்ல, அவர் எதற்கும் ஒத்துக்கொள்வார். சுருட்டு சேகரிக்கிறவர்.

போன தீபாவளிக்குப் போனஸ் பேச்சு வந்தபோது முதலாளி ஷெட்டுக்கே இறங்கி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதற்கு மேல் ஒரு பைசா முடியாது என்றார். “அமெரிக்காக்காரன் இப்படிப் பண்ணிப்போட்டான். நெலம தெரியாதா கண்ணு உங்களுக்கு?”

செக்கிங்கில் நிற்கும் வயதான அம்மா ஒருத்தி, மேல்மாடி அறையைக் கூட்டித் துடைக்கிறவளும் அவளேதான், கேட்டாள்: “தெரியுதுங்க மொதலாளி. மேல கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கறீங்கல்ல, அதுல ஒண்ணு வித்தா எத்தன பேத்துக்குப் போனஸ் ஆகுமுங்க?”

“அது விக்கறதுக்கு இல்ல அம்மிணி. கலெக்‌ஷன்.”

தீபாவளி முடிந்து திரும்பி வந்தவளுக்குப் பஞ்சிங் மிஷினில் கைரேகை விழவில்லை. மிஷின் கோளாறு என்றார்கள், அந்தக் கோளாறு அவள் ஒருத்திக்கு மட்டும்தான் வந்தது. அந்த வாரமே கேட்டில் பலகை தொங்கியது: செக்கிங், கைமடிக்கு ஆட்கள் தேவை. ஆண், பெண் இருபாலரும். தங்குமிடம் இலவசம். வயது 18 முதல் 35 வரை. முன் அனுபவம் தேவையில்லை.